கோட்டைக்குப்பத்தில் பிளேடு விற்ற கதை

பிளேடு விற்கிறவனுக்கு உண்மையான எதிரி போட்டிக் கம்பெனிக்காரன் இல்லை. வாங்கின பிளேடைத் தூக்கிப்போட மனசு வராத வாடிக்கையாளர்தான்.

நான் பொன்னேரியில் ஒரு ஏஜென்சியில் லைன் சேல்ஸ்மேன். சோப்பு, எண்ணெய், பிளேடு எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு பழவேற்காடு பக்கத்துக் கடைகளுக்குப் போடுவது வேலை. உப்புக் காற்று அடிக்கிற ஊர், இன்றைக்குப் போட்ட பிளேடு நாளைக்குத் துரு, அதனால் அங்கே பிளேடு பிய்த்துக்கொண்டு போகும் என்று முதலாளி நினைத்திருந்தார். போகவில்லை. கோட்டைக்குப்பத்தில் வசந்தா அக்கா கடையில் நான் மாட்டிய பிளேடு அட்டை, மாட்டிய மாதிரியே தொங்கியது. "இந்த மாசமும் இப்டியே இருந்தா அந்த லைன எடுத்துடுவேன். நீயும் வேற வேல பாத்துக்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆம்பிளைகள் எல்லாம் வழவழவென்ற முகத்தோடு திரிகிற ஊரில் பிளேடு மட்டும் ஏன் விற்கவில்லை என்று ஆளாளுக்கு விசாரிக்கக் கிளம்பினேன்.

பழைய பிளேடால் தாடையைக் கிழித்துக்கொண்டு, அதன்மேல் பேப்பர் துணுக்கை ஒட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுகிற சகோதரர்களே, நமக்குத் தெரியாததெல்லாம் அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

போடாத ஜீன்ஸ்

முதலில் மாட்டியவர் சேட்டு. படகு இன்ஜின் மெக்கானிக். எப்போது பார்த்தாலும் கிரீஸ் படிந்த லுங்கிதான். ஆனால் காலையில் சவரத்துக்கு உட்காரும்போது, மடித்து வைத்த நல்ல நீல ஜீன்ஸ் ஒன்றைத் தொடையில் விரித்துக்கொள்வார். ரேசரை அதன்மேல் வெட்டாத பக்கமாக, பின்னோக்கித் தள்ளித் தள்ளித் தேய்ப்பார். பிறகு அதே பிளேடு அவர் கன்னத்தில் சத்தமில்லாமல் இறங்கும். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

கல்யாணத்துக்கு மச்சான் எடுத்துக் கொடுத்த ஜீன்ஸாம். இவ்வளவு நன்றாக இருக்கிறதே, ஒருநாளாவது போட்டுக்கொண்டு வெளியே போகக்கூடாதா என்று கேட்டேன். "போட்டா தேஞ்சி பூடும்ணா. அப்பறம் மூஞ்சிக்கு இன்னா பண்றது?" என்றார்.

பிளேடுக்கும் சீட்டு

பழவேற்காடு ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். யார் பேருக்கு எது விழுந்தாலும் மறுபேச்சு கிடையாது. இந்த ஏற்பாட்டைப் பிளேடுக்கும் கொண்டுவந்த அண்ணன் தம்பிகள் நாலு பேரை நேரில் பார்த்தேன். புதுப் பிளேடு பிரிக்கிற அன்று சீட்டு எடுக்கிறார்கள். முதல் சீட்டு விழுந்தவருக்கு முகம் தொங்கிப்போகிறது. புதுசு கடிக்குமாம், ரெண்டாவது, மூன்றாவது சவரம்தான் அல்வாவாம். முகங்கள் முடிந்த பிறகு அந்தப் பிளேடு வலை பின்னும் நூல் அறுக்கப் போகிறது.

ஒரே பிளேடை நாலு பேர் போடுவது உடம்புக்கு ஆகாது, ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். என் அக்கறையில் பாதி வியாபாரம் என்று நாலு பேரில் மூத்தவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெந்நீல போட்டு தான்பா எடுக்குறோம். இம்மாம் பெரிய ஏரியவே சண்ட இல்லாம பங்கு போட்டுக்கறோம், இத்துனூண்டு பிளேடுக்கு நீ ஆளுக்கொண்ணுன்ற!"

வடக்கு பார்த்த கோபுரம்

மாரி கடலுக்குப் போகிறவர். பிரமிடு மாதிரி கூர் நுனிக் கோபுரத்துக்கு அடியில் பிளேடை வைத்தால் தானாகவே கூர் ஏறும் என்று போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அட்டையில் அழகாக ஒரு கோபுரம் செய்துவிட்டார். அது சரியாக வடக்கு பார்த்து இருக்க வேண்டுமாமே? வலை போட்ட இடத்தைக் கடலில் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஜிபிஎஸ்ஸைப் படகிலிருந்து கழற்றி வந்து, அலமாரியில் வடக்கைக் குறித்திருக்கிறார். ஒரு பிளேடுக்காக இவ்வளவு சிரத்தை எடுத்த மனிதரை நான் பார்த்ததில்லை. பிளேடும் பளபளவென்றுதான் இருந்தது.

அவர் உள்ளே போனதும் அவர் மனைவி செல்வி என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தெனம் நான்தான் ஈரம் போக தொடச்சி வெக்கறேன். சொல்லிடாதீங்கணா, வடக்காலதான் கூரு நிக்குதுனு அவரு சந்தோஷமா கீறாரு."

முதலாளியின் தாடி

மாசக் கடைசியில் முதலாளியே நேரில் வந்துவிட்டார். லைனை மூடத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். வசந்தா அக்கா கடை வாசலில் ஏழுமலை ரேசரும் கையுமாக நின்றிருந்தார், மீன் ஏலம் விடுகிறவர். சவரம் செய்ததும் பிளேடைத் துடைத்து, தேங்காய் எண்ணெய்க் குப்பிக்குள் முக்கி வைத்துவிட்டால் உப்புக் காற்று அண்டாது என்பது அவர் கட்சி. இந்தப் பிளேடு சித்திரையில் போட்டது என்றார். அப்போது ஆனி. முதலாளி நம்பவில்லை. சவால் என்று சொல்லி அந்த ரேசரைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவ வைத்து, மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, தன் ரெண்டு நாள் தாடியைத் தானே எடுத்தார். ஒரு கீறல் இல்லை. என் வேலை அவர் தாடியோடு சேர்ந்து உதிர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கன்னத்தைத் தடவியபடி, "ஊர்ல எல்லாரும் இப்டித்தானா?" என்று கேட்டார். கடைக்குள்ளிருந்து வசந்தா அக்கா, "முக்காவாசி பேரு! சின்ன பாட்டில் எண்ணெ நிக்கவே மாட்டேங்குது, நாளைக்கி ரெண்டு பெட்டி போடு" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அது பெண்கள் தலைக்குத்தான் போகிறது என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தேன். முதலாளி பிளேடையே பார்த்தார், நான் முதலாளியையே பார்த்தேன், எண்ணெயை யாரும் பார்க்கவில்லை. "ஏம்பா, அந்த எண்ணெ காசுக்கு புது பிளேடே வாங்கிக்கினே இருக்கலாமே?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"வாங்கலாம்ணா. புது பிளேடுல ஷேவ் பண்ணவன எவன் மெச்சுவான்?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். வண்டியில் ஏறும்போது என் தோளில் தட்டினார். "லைன் இருக்கட்டும்டா. பிளேட எறக்கிட்டு எண்ணெய ஏத்து" என்றார்.

பிளேடு விற்க அனுப்பப்பட்டு, பிளேடு விற்காமல் இருப்பதற்கான சரக்கை விற்றுக் குடும்பம் நடத்துகிற சேல்ஸ்மேன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.