இயற்கைச் செம்பும் இரண்டு கோட்டு லாக்கரும்

தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு செம்புக் கட்டி சேகரிப்பவனுக்கு ஆறுதல் சொல்ல ஆள் கிடையாது. தபால்தலைக்கும் தீப்பெட்டிப் படத்துக்கும் வீட்டில் திட்டு வாங்கும் சகோதரர்களே, உங்களை நம்பித்தான் சொல்கிறேன். நான் சேர்ப்பது பூமிக்குள் தானாகவே கிளைவிட்டுப் படிகமாக வளர்ந்த செம்பு. மேலே ஏறியிருக்கும் பழுப்பும் பச்சைக் களிம்பும்தான் அதற்கு அழகு, மதிப்பு எல்லாம்.

கேட்டில்

வீட்டுக்குப் பயந்து, புதிதாக வாங்கிய கட்டியின் பார்சலை ஆம்பூர் கம்பெனி முகவரிக்கே வரவழைத்தேன். வாட்ச்மேன் முருகேசன் பிரித்துப் பார்த்து ரொம்ப வருத்தப்பட்டார்.

"மோட்டார் காயில் எரிஞ்சிபோச்சா சார்? என் மச்சான் காயில் கட்டுறவன்தான், ஒரே நாள்ல சரி பண்ணிடுவான்."

வீட்டில்

அரக்கோணத்து நண்பர் சற்குணமும் என் ஜாதிதான், அதாவது செம்புப் பைத்தியம். அவரிடம் குட்டிக் குட்டிச் சதுரப் படிகங்கள் பூத்த ஒரு கட்டி இருக்கிறது. ஏழு வருஷமாக அதற்கு ஏங்குகிறேன். கடைசியில் மனசு இறங்கி, என் புதுக் கட்டிக்கு மாற்றாகத் தர ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, களிம்பில் கை வைத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகப் பேச்சு, அதனால் கட்டியை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி சாந்தி ஒரு கையில் கட்டியும் மறு கையில் புளியுமாக நின்றாள். பாய்ந்து பிடுங்கினேன்.

"செம்புக் குடத்தை வாரந்தவறாம வெளக்குறேன். இந்த அழுக்கை நடு வீட்ல வெச்சா, வர்றவங்க உங்களையா சொல்லுவாங்க?"

ஃபினிஷிங்கில்

புளிக்குப் பயந்து கட்டியைக் கம்பெனி மேஜையில் வைத்தேன். தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்ப்ரே செக்‌ஷன் அன்வர் பாயிடம், "ஞாயித்துக்கிழமை இதைப் பாக்க ஆள் வர்றார், கொஞ்சம் பாத்துக்குங்க பாய்" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். பாயும் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது மேஜையில் புதுப் பாத்திரம்போல ஒன்று மின்னியது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பாய் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

"ஆசிட்ல ஒரு முக்கு முக்கினேன், பச்சையெல்லாம் போய்ட்ச்சு. மேல நம்ம தோலுக்கு அடிக்கிற லாக்கர் பாலிஷ், ரெண்டு கோட்டு. இன்னா சார், நம்ம தோஸ்துக்கு இதுகூட செய்ய மாட்டனா?"

ஞாயிற்றுக்கிழமை

சற்குணம் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னுடையதை மறுபடி பஞ்சில் சுற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். என் ஏழு வருஷமும் அந்த ஜிப்போடு மூடிக்கொண்டது. வாசல்வரை போனவர் செருப்பை மாட்டியபடி குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் பொண்ணு கல்யாணங்க. குத்துவிளக்கு ரெண்டு கறுத்துக் கெடக்கு, அந்த பாய்கிட்ட கொஞ்சம் சொல்லி வெக்கிறீங்களா?"

பூமிக்குள் யுகக்கணக்காகப் பத்திரமாக இருந்த ஒரு கட்டியின் கதையை முடிக்க, என்மேல் பிரியமுள்ள ஒரே ஒரு மனிதர் போதுமாக இருந்தார்.