நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு கோல்

என் மூத்த சகோதரி ரபீக்கா ராத்தாவின் கணவர் முத்தலிப், துறைமுகத்தில் நாட்கூலி. விடியக் காலையில் கிண்ணியாவில் படகேறிப் போய்த் துறைமுக வாசலில் நிற்பார். பெயர் கூப்பிட்டால் மூட்டை தூக்குவார். கூப்பிடாவிட்டால் திரும்பி வருவார். இரண்டுக்கும் ஒரே முகம்தான். உதைபந்தாட்டத்தில் கோல் காக்க நின்றால் மட்டும் மனிதர் வேறு ஆள்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு நோன்பு மாதத்தில் வெளிநாட்டுக் கப்பலொன்று வந்தது. மாலுமிகளுக்கும் துறைமுகத் தொழிலாளருக்கும் ஆட்டம் என்றார்கள்.

"வெண்டு குடு முத்தலிப், உன்னை நிரந்தரமாக்கிறது என்ர பொறுப்பு" என்றார் கங்காணி. ராத்தாவுக்கு அப்போது வயிற்றில் முதல் பிள்ளை. வேலை கிடைத்தே விட்டதென்று அவள் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டாள்.

மாலுமிகள் பிந்தி வந்ததால் ஆட்டம் பொழுதுபடும்வரை இழுபட்டது. ஒன்றுக்கு ஒன்று. அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. பட்டினியோடு ஓடிக் களைத்திருந்த மச்சான் ஆட்டத்தையே மறந்துபோனார். சட்டைப்பையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து, கண்ணை மூடி துஆ ஓதத் தொடங்கினார். அவருக்கு நேரே ஒரு செம்பட்டைத் தலையன் பந்தோடு தனியாக நின்றான். தட்டினால் கோல். அவன் மச்சானைப் பார்த்தான். பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டான்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பந்தை உள்ளே எறிந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்டக்காரன் ஜெமீல் அதைக் கொண்டு ஓடி, கோல் அடித்துவிட்டான். சனம் துள்ளியது. நானும்தான் துள்ளினேன், வேலை ராத்தா வீட்டுக்கல்லவா வரப்போகிறது!

கடைசி நிமிடத்தில் செம்பட்டைத் தலையன் மறுபடி வந்து அடித்தான். பந்து மச்சானுக்கு நேராகத்தான் வந்தது. அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டுக்கு இரண்டு.

கப்பல் கப்டன் வந்து மச்சானைக் கட்டிப்பிடித்தார். உலகத்து விளையாட்டுக்காரரெல்லாம் ஒரே குடும்பம் என்று அவர் சொன்னதாக ஒரு கிளார்க் தமிழில் சொன்னார். அந்தக் குடும்பம் மறுநாள் காலையில் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "வெண்டால் எண்டுதானே சொன்னனான்" என்றார் கங்காணி.

ஆட்டம் முடிந்த இரவே படகில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன் பிடிக்கல்ல?" என்று கத்தினேன்.

"அது அவன் விட்ட கோல் மச்சான். திருப்பிக் குடுத்தனான்" என்றார். குரலில் பெருமையும் இல்லை, கவலையும் இல்லை.

ராத்தா அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அதன்பிறகு பல வருடங்கள் அந்த வீட்டில் சோறு, மீன், மழை இவற்றைப் பற்றியே கதைத்தார்கள். மச்சான் பிறகு பந்தைத் தொட்டதில்லை. நாட்கூலியாகவே நரைத்தார்.

எண்பதாம் ஆண்டில், அன்று வயிற்றிலிருந்த மகன் ஸெய்னுதீன் படிப்பை விட்டான். முதல்நாள் தகப்பனோடு அதே வாசலில் போய் நின்றான். மச்சானின் பெயரைக் கூப்பிட்டார்கள், மகனைக் கூப்பிடவில்லை. இரவு நானும் ராத்தா வீட்டில்தான் சாப்பிட்டேன். ராத்தா கறி ஊற்றிக்கொண்டே, கோபமேயில்லாமல் கேட்டாள்:

"அவன் உங்களுக்கு ஒண்டு விட்டான். நீங்க அவனுக்கு ஒண்டு விட்டீங்க. எங்கட புள்ளைக்கு ஆருங்க விடுவாங்க?"

மச்சான் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மகன் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.