சவுக்காரம் வைத்த டீசல் டேங்க்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. மலேசியாவில், தஞ்சோங் ரம்புத்தான் தாண்டி உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் பிக்கப் டிரைவர். என் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படித்தால் நல்லது.

அது டீசல் வண்டி. உறைந்துபோன ரப்பர் கட்டிப்பால், உர மூட்டை, சில நாள் கணக்கு எழுதுகிற ஆபீஸ் கிராணி, எல்லாம் அதில்தான் போகும். செம்மண் ரோட்டில் கல் அடித்து அடித்து டேங்கின் அடிப்பக்கம் துருப்பிடித்து, ஒரு நாள் கசிய ஆரம்பித்தது. ஆபீஸில் சொன்னால் வண்டி ஈப்போ வொர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். அது திரும்பி வரும் வரைக்கும் என் முதுகில் மருந்து பம்பை ஏற்றி, களையாக மண்டுகிற லாலான் புல்லுக்கு மருந்து அடிக்க அனுப்புவார்கள். ஸ்டீயரிங் பிடித்தவன் பம்பு தூக்குவதா என்று ரோஷப்படுகிற வயசு எனக்கு.

அதனால் பழைய டிரைவர்கள் செய்கிற வேலையைச் செய்தேன். துணி துவைக்கிற சவுக்காரத்தைப் பிசைந்து ஓட்டையில் அப்பினேன். டீசல் சவுக்காரத்தைக் கரைக்காது. கசிவு நின்றுவிட்டது. ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். அது எனக்குத் தெரியாதது இல்லை. மழை பெய்தால் மறுபடி அப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் விடியும்போதே நல்ல மழை. ரோடெல்லாம் தண்ணீர். ஏழு மணிக்கு முன்னால் கிராணியை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு இறங்கினேன். அவர் அவசரப்படுத்தினார், நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. டவுனில் அவரை இறக்கிவிடும்போதுதான் வாடை வந்தது. பார்த்தால் டீசல் குழாய் மாதிரி ஊற்றிக்கொண்டிருக்கிறது. கடையில் ஒரு கட்டி சவுக்காரம் வாங்கி அப்பிவிட்டுத் திரும்பினேன். என் டீசல் வீணாகிவிட்டதே என்றுதான் அப்போதும் நினைத்தேன். அது எங்கே கொட்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்குகிற தார் ரோட்டில், பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் கூட்டம். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். அவர் பால் மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மழை என்றால் வெட்டு கிடையாது. அதனால் அன்றைக்கு அவரே மகளைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பியிருக்கிறார். மகள் நாலாம் வகுப்பு. அண்ணனுக்குச் சிராய்ப்புதான். பிள்ளைக்கு வலது முழங்கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். நான் ரோட்டைப் பார்த்தேன். ஈரத் தாரில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கோடு, வளைவு முழுக்க மினுங்கியது. ஓரத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அதன்மேல் போட்டேன்.

“பாரு, இன்னொருத்தன் விழுந்திடக் கூடாதுன்னு மண்ணு போடுறான். பொறுப்பான ஆளுலா” என்றார் ஒருவர்.

நான் எதற்குப் போட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அதே வண்டியில்தான் அவர்களை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அண்ணன், “மெதுவாதான் தம்பி வந்தேன். எப்படி விழுந்தேன்னே தெரியல” என்றார். ஈப்போ போய்ச் சேருவதற்குள் அது, “நான் பிரேக் பிடிச்சிருக்கக் கூடாது” என்று மாறிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ மட்டும் வரலன்னா...” என்று அழுதார்.

மறுநாளே ஆபீஸில் சொல்லி டேங்கை மாற்ற வைத்தேன். பம்பும் தூக்கினேன். அது ஒன்றும் அப்படிப் பெரிய அவமானமாக இல்லை. ஆனால் அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. வேலை போய்விடும், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயம். வீட்டில் உங்கள் அம்மா முழுகாமல் இருந்தாள்.

பிள்ளையின் கை எலும்பு ஒட்டியது, ஆனால் கை நேராக நீளவில்லை. அண்ணன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். அவளுடைய புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தினமும் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடப்பார்.

“என்னா மச்சான், நடராஜா சர்வீஸா?” என்று கூட்டாளிகள் கிண்டல் பண்ணுவார்கள்.

“என் கையை நானே நம்பல லா” என்பார், சிரிக்காமல்.

ஒரு தடவை கோப்பிக் கடையில் துணிந்து ஆரம்பித்தேன். “அண்ணே, அன்னைக்கு அந்த வளைவுல...”

“விடு தம்பி. தப்பு என்னுது. அதைப் பேசாத.”

நானும் விட்டுவிட்டேன். பேசாதே என்று அவரே சொல்லிவிட்டார் என்பது எனக்குச் சௌகரியமாகப் போய்விட்டது.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். ஆளுக்கொரு பக்கம் போனோம். அவர்கள் சித்தியவானுக்குப் போய்விட்டார்கள். அந்த விபத்து நடந்து எட்டு வருஷம் கழித்து, அண்ணன் இறந்துபோனார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நான் அங்கே போனபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவர் சம்சாரம், அந்த அக்கா, என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அண்ணன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க், சவுக்காரம், நான் அள்ளிப் போட்ட மண்.

அக்கா திட்டவில்லை. “அவரு இருக்கும்போது வந்திருக்கலாம் தம்பி. கடைசி வாரங்கூட மக கையைத் தடவிக்கிட்டு, ‘அப்பாவை மன்னிச்சிடும்மா’ன்னு சொன்னாரு.”

மகள் தேத்தண்ணீர் கொண்டு வந்து கதவோரம் நின்றிருந்தாள். வளர்ந்துவிட்டாள். தட்டை இடது கையில் பிடித்திருந்தாள்.

“அப்போ அப்பா வேகமா ஓட்டலியா, மாமா?”

“இல்லம்மா. அந்த டீசல்ல யாரு வந்தாலும் விழுந்திருப்பாங்க.”

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“ஸ்கூலுக்கு லேட்டாயிடும், சீக்கிரம் போங்கப்பான்னு அன்னைக்கு நான்தான் சொன்னேன். அதனாலதான்னு நினைச்சேன். அப்பாகிட்டகூட அதைச் சொன்னதில்ல.”

டேங்க் ரோட்டில் கொட்டியது ஒரே ஒரு காலைதான், பிள்ளைகளே. நான் வாயை மூடிக்கொண்டிருந்த எட்டு வருஷமும் ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் என் தப்பை ஒருவருக்கொருவர் தெரியாமல் தங்கள் தப்பாகச் சுமந்தார்கள், அதில் ஒருவர் இறக்கி வைக்காமலே போய்விட்டார்.