வயித்து வலிக்கு ஓமத் தண்ணி

முன்பின் தெரியாதவர் வீட்டில் நுழைந்து, சாகத் தோன்றியதா என்பதைச் சுற்றி வளைத்துக் கேட்டு டிக் அடிப்பதுதான் என் உத்தியோகம். படிவமும் கையுமாக வெயிலில் அலையும் சக பாவிகளே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

பத்து

நாரணாபுரம். ஞாயிற்றுக்கிழமை. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னும் முத்துமாரி வீட்டில் இருந்தார். சாவைப் பற்றி நேராகக் கேட்கக் கூசி, மெட்ராஸில் யாரோ நாசூக்காக எழுதிய கேள்வி: "அண்மையில் வாழ்வில் பற்று குறைந்ததா?" சமூகவியல் எம்.ஏ. இல்லையா நான், கணீரென்று வாசித்தேன். அவர் முற்றத்தில் குவிந்து கிடந்த சட்டிபானைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பத்துப் பாத்திரமா? அது என்னைக்கு சார் கொறஞ்சுச்சு?"

தலைவர்

அடுத்த கேள்வி, வீட்டில் நிம்மதி உண்டா என்பது. முத்துமாரி வாய் திறப்பதற்குள் லோடு ஆட்டோ ஓட்டும் அவர் கணவர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்களைத் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நானோ அந்த மனுசன் வாங்கிக் கொடுத்த கலரைக் குடித்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அவளுக்கென்ன சார் கொற? நல்லா இருக்கான்னே போட்டுக்கங்க."

ஓமம்

கணவர் போன் பேச வெளியே போன நேரம், முத்துமாரி குரலைத் தாழ்த்தி, "தாங்க முடியாத வயித்து வலி சார்" என்றார். இரண்டு தடவை சொன்னார். பெரிய டாக்டர் கணக்காக, "ஓமத் தண்ணி குடிங்கம்மா" என்றேன். 'செரிமானக் கோளாறு' என்று எழுதியும் வைத்தேன்.

மறுநாள் ஆபீசில் மனநலக் கவுன்சலர் செல்வி அக்கா அந்தப் படிவத்தைப் படித்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏலே, நம்ம பக்கம் ஒரு பொம்பள தன்னை மாய்ச்சுக்கிட்டா காரணம்னு என்னத்த எழுதுவாக தெரியுமா? தாங்க முடியாத வயித்து வலி. கெளம்புலே!"

கேக்கல

அக்காவோடு நாரணாபுரம் பஸ் ஏறினேன். அந்தம்மா உயிரோடு இருக்கணும், வேறெதுவும் வேண்டாம் என்று ஊரிலுள்ள சாமியை எல்லாம் கூப்பிட்டேன். முத்துமாரி கம்பெனிக்குப் போகவில்லை. சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் வெட்கமில்லாமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வி அக்கா என் படிவத்தைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முத்துமாரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓமத் தண்ணி குடிச்சுப் பாத்தேன் சார், கேக்கல. நீங்களாவது உக்காந்து கேளுங்க."

கேள்வி கேட்பது வேறு, கேட்பது வேறு என்று எனக்கு விளங்க ரெண்டு வருச எம்.ஏ. போதவில்லை, ஒரு டம்ளர் ஓமத் தண்ணி தேவைப்பட்டது.