இடக்கைக்காரிக்கு வைத்த பந்து

பம்மலில் ஒரு சின்ன ஸ்னூக்கர் கிளப்பில் நானும் மெர்சியும் மூன்று வருடம் ஜோடியாக ஆடினோம். அவள் வேலை மாறி மேடவாக்கம் போய் நான்கு வருடம் ஆகிறது. அதன்பிறகு தீபாவளி, கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு சரி. போன மாதம், மேடவாக்கத்தில் மாதாமாதம் நடக்கும் ஜோடிப் போட்டியின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. மெர்சியின் பெயருக்குப் பக்கத்தில் வனிதா என்று வேறொருத்தி. எனக்கு வயிறு எரிந்தது. நேரில் பார்த்து, மறுபடி என்னோடு ஆடக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று தனியாகவே பெயர் கொடுத்தேன்.

ஞாயிறு காலை 8.10. இரும்புலியூரிலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ, இரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். என் நீளப் பையைப் பார்த்த டிரைவர் சும்மா விடவில்லை.

“இன்னாக்கா அது, தூண்டிலா? எந்த ஏரிக்கு?”

“ஸ்னூக்கர் ஆடுற குச்சிண்ணா.”

“அட, லேடீஸ் ஆடுற எடம்லாம் கீதா?”

தாம்பரம் கிழக்கிலிருந்து மேடவாக்கம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஐம்பது நிமிடம் ஆனது. கேம்ப் ரோடு சிக்னல் மட்டுமே பத்து நிமிடத்தைத் தின்றது.

நுழைவுக் கட்டணம் தலைக்கு முந்நூறு. இது குட்டி ஸ்னூக்கர். பதினைந்து சிவப்புப் பந்துக்குப் பதில் ஆறு. ஓர் அடிக்குப் பதினைந்து விநாடி. ஜோடியில் ஆளுக்கு ஓர் அடி, மாற்றி மாற்றி. நடுவில் பேசக் கூடாது. பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். தனியாக வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிச் சேர்த்ததில் எனக்கு ஜோடியாகக் கிடைத்தவர் தண்ணீர் லாரி வைத்திருக்கும் கோபி அண்ணன். நன்றாகவே ஆடினார். அரையிறுதியில் எதிரே மெர்சியும் வனிதாவும்.

கடைசியில் நீலம், பிங்க், கருப்பு மூன்றும் குழியில் விழுந்தால்தான் நாங்கள் ஜெயிப்போம். நான் நீலத்தைப் போட்டேன். வெள்ளைப் பந்து அழகாக உருண்டு, நான் நினைத்த இடத்திலேயே நின்றது. கோபி அண்ணன் குனிந்தார், எட்டவில்லை. சுற்றி வந்தார், எட்டவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெர்சிக்கு இடக்கை. என் கை பழைய பழக்கத்தில் அவளுக்குத்தான் வைத்திருந்தது. அண்ணன் குச்சியைத் தாங்கும் நீளக் கட்டையை எடுத்து வருவதற்குள் பதினைந்து விநாடி மணி அடித்துவிட்டது. விதிப்படி அதே இடத்திலிருந்து அடுத்து ஆட வேண்டியது மெர்சி. நின்றபடியே பிங்க்கைப் போட்டாள். தோற்றோம்.

வெளியே டீக்கடையில் அவளாகவே வந்தாள்.

“அது எனக்கு வெச்ச பந்துடி.”

“ஆமா. மறுபடி என்னோட ஆடுறியா?”

டம்ளரை பெஞ்சில் வைத்தாள். “ரெண்டு வருஷம் யாரோடவும் ஆடலை. நீ கூப்பிடுவேன்னு பார்த்தேன்.”

“நீ கூப்பிடுவேன்னு நானும் இருந்தேன்.”

“இப்ப வனிதாவை எப்படிடி விடறது?”

அவளோடு ஆடிய அந்த மூன்று வருடத்துக்காக மனம் அப்படி ஏங்கியது.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள், ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள். யாரோடு ஆட ஆசையோ அவருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள்.

கிளம்பும்போது கோபி அண்ணன் பைக்கை நிறுத்தினார். “அடுத்த மாசமும் வாங்கக்கா. நான் வேணா லெஃப்ட்ல ஆடப் பழகிக்கினு வர்றேன்.”

சிரித்தேன், கண்ணும் கலங்கியது. “வேணாம்ணா,” என்றேன். “நான்தான் பழகிக்கணும்.”