பாதிக் கோழிக்கு லைசன்ஸ்

வேட்டை லைசன்ஸ் கொடுப்பது துப்பாக்கி பிடிப்பதைவிட ஆபத்தான தொழில். கவுண்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு விழிக்கும் சக ஜீவன்களே, மலேசியாவில், சிரம்பான் வனவிலங்கு அலுவலகத்தில் நான் படும் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

எல்லாரும் சம்மதித்தார்கள்

கெமாஸ் ஊர் லோரி டிரைவர் முனியாண்டி காட்டுக்கோழி சுட லைசன்ஸ் கேட்டு வந்தார். துப்பாக்கிக்குப் போலீஸ் லைசன்ஸ் இருந்தது. "எஸ்டேட்டுக்குள்ள சுடணும்னா மேனேஜர் சம்மதிக்கணும்ணே" என்றேன். நடையாய் நடந்து அதையும் வாங்கி வந்தார். கொடுத்து அனுப்பினேன். லைசன்ஸ் காலாவதியானதும் தொங்கிய முகத்தோடு வந்து நின்றார். ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லையாம்.

"எல்லார்கிட்டயும் பெர்மிட் வாங்கினேன் மேடம், கோழிகிட்ட கேக்காம விட்டுட்டேன் லா."

கோணிக்குள் வான்கோழி

அம்பாங்கான் அந்தோணி கிறிஸ்மஸுக்காக ஒரு வான்கோழி வளர்த்தார். அது காட்டு மயில் என்றும், புகார் செய்யப்போவதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டியிருக்கிறார். பயந்துபோன அந்தோணி அதைக் கோணியில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, கவுண்டருக்கே தூக்கி வந்துவிட்டார். ஸ்பீக்கரில் நம்பர் கூப்பிடும்போதெல்லாம் அது பதில் குரல் கொடுத்தது. நம்பர் காதில் விழாமல் நாலைந்து பேர் தங்கள் முறையைத் தவறவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள்.

"இது வீட்டுப் பறவைண்ணே, லைசன்ஸே வேண்டாம்" என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"அப்ப லைசன்ஸ் வேண்டாம்னு ஒரு லைசன்ஸ் கொடுங்க, அவன்கிட்ட காட்டணும்."

குஞ்சுகளின் அப்பா

லிங்கி சரசு அக்கா அழுதுகொண்டே வந்தார். பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டிலிருந்து ஒரு காட்டுச் சேவல் தினமும் வந்து, அவர் வளர்த்த பெட்டைகளோடு பழகி, இப்போது வாசல் நிறையக் குஞ்சுகள். லைசன்ஸ் இல்லாமல் காட்டுக்கோழி வளர்த்தால் ஜெயில் என்று யாரோ சொல்ல, அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"அம்மா நம்ம கோழி, அப்பன்தான் காடு. பாதிக்கு மட்டும் லைசன்ஸ் போட்டுக் கொடு தங்கச்சி" என்றார்.

எனக்கு விளங்காமல் எங்கள் அதிகாரியை அழைத்துக்கொண்டு லிங்கிக்கே போனேன். எங்களைக் கண்டதும் வளர்ந்த குஞ்சுகள் ஒன்றுவிடாமல் கூரைக்குப் பறந்து, அங்கிருந்து செம்பனை மரங்களுக்குத் தாவின. அதிகாரி அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "இதுங்கள யாரும் வளக்கற மாதிரி எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். பிழைத்தோம் என்று நான் மூச்சுவிட்ட நேரம் பார்த்து, அக்கா ஜன்னலைத் தட்டினார்.

"சாயங்காலம் சோத்துக்கு மட்டும் அதுங்க இறங்கி வரும் சார், அந்த நேரத்துக்கு மட்டும் லைசன்ஸ் வேணுமா?"

இப்போதெல்லாம் வீட்டில் கோழிக்கறி சாப்பிடும்போதுகூட, யாராவது சந்தேகம் கேட்டு வந்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொள்கிறேன்.