அரை கிளட்ச்

“டாக்டர் கேட்டா லேசா வலிக்குதுன்னு சொல்லு,” என்றார் பெரியம்மா. ஸ்கேன் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்.

“லேசாவா? நேத்து மாடிப்படியில உக்காந்து உக்காந்து இறங்கினீங்களே.”

“அது நேத்து. நீ என் பேச்சை அவர் பாஷையில மாத்திச் சொல்ல வந்தியா, சாட்சி சொல்ல வந்தியா?”

“லேசான வலிக்கு எதுக்கு ஊசின்னு அவர் கேட்டா?”

“ரொம்ப வலின்னு எழுதிட்டார்னு வை, டிப்போல என்னைத் தூக்கி டிக்கெட் கவுண்டர்ல போட்டுடுவாங்க. அப்புறம் காலம் பூரா கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து, எங்க போகணும், எங்க போகணும்னு கேட்டுட்டே கிடக்கணும்.”

பெரியம்மா, என் அம்மாவின் அக்கா, நகரப் பேருந்து ஓட்டுநர். அவருடைய வழித்தடத்தில் செங்குத்தான மேட்டில் ஒரு நிறுத்தம் உண்டு. மற்றவர்கள் அங்கே கைப்பிரேக்கை இழுத்துவிட்டு ஆட்களை ஏற்றுவார்கள். பெரியம்மாவுக்கு அது கற்றுக்குட்டிகளின் வேலை. கிளட்சைப் பாதி மிதித்தபடி, நிறைமாதக்காரி மாதிரி நிரம்பிய வண்டியை ஒரு விரற்கடைகூடப் பின்னால் நகரவிடாமல் நிறுத்துவார். டிப்போவில் அவர் பெயரே ‘அரை கிளட்ச்’தான். பல வருடங்கள் அப்படி நிறுத்தியதில் இடது கணுக்கால் போயிற்று. இந்த மாதக் கடைசியில் உடற்தகுதித் தேர்வு. அதில் தவறினால் கவுண்டர்தான்.

டாக்டர் பேசுவது நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழி. அந்த மொழியில் பெரியம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ‘உள்ளே தள்ளிப் போங்க’, ‘படியில் நிக்காதீங்க’ அளவுதான்.

உள்ளே போனதும், பெரியம்மாவின் கணுக்காலில் குளிர்ந்த பசையைத் தடவி, டாக்டர் ஸ்கேன் கருவியை மெல்ல உருட்டினார். திரையில் சாம்பல் நிறக் கோடுகள். மூட்டுக்குள் கொஞ்சம் நீர்; அதற்குப் பின்னால் தசைநாணைச் சுற்றிய உறையிலும் வீக்கம். திரையைப் பார்த்தபடியே ஊசியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம், ஆனால் வலி இரண்டில் எதிலிருந்து வருகிறது என்பதைப் படம் சொல்லாது என்றார். விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இங்கயான்னு கேக்கறார்.”

“இல்ல.”

“இங்க?”

“இல்லன்னு சொல்லேன்.”

டாக்டர் கையை எடுத்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

“வலி மாத்திரை போட்டீங்களா?”

“பின்ன, நொண்டிக்கிட்டா உள்ள வர்றது? காலையில போட்டேன். வர்ற வழியில இன்னொண்ணு.”

அதை அப்படியே சொன்னேன். மாத்திரை வலியை மறைக்கிறது, இன்று குத்தினால் குத்துமதிப்பாகத்தான் இருக்கும், மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த மாதம் வரட்டும் என்று டாக்டர் பசையைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் கை துடைப்பதைப் பார்த்தே பெரியம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அடுத்த மாசம் வந்து என்ன பண்ண? வேற வழி இருக்கான்னு கேளு.”

எப்போது அதிகம் வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். கிளட்ச் என்றேன். அவர் தன் உள்ளங்கையைப் பெரியம்மாவின் பாதத்தடியில் வைத்து, மிதிக்கச் சொன்னார். பெரியம்மா ஒரே மிதியாக மிதித்தார்.

“பாத்தியா? ஒண்ணுமில்ல.”

“அரை கிளட்ச், பெரியம்மா,” என்றேன். “மேட்டு ஸ்டாப். கூட்டம் ஏறிட்டிருக்கு.”

என்னை முறைத்தார். பிறகு பாதத்தைப் பாதிக்குத் தளர்த்தி, அங்கேயே நிறுத்தினார். ஸ்கேன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் குதிகால் நடுங்கத் தொடங்கியது. பெரியம்மாவின் கை கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது, கண்கள் கூரையில். வலிக்கிறதா, எங்கே, என்று டாக்டர் கேட்டதை நான் பெரியம்மாவுக்கு மாற்றிச் சொல்லவே இல்லை. பெரியம்மாவும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் சற்று நேரம் போனால் டாக்டர் கையை எடுத்துவிடுவார் என்று தோன்றியது.

ஊசி பின்பக்க உறைக்குள் போனதும், சொன்னபடி ஓய்வெடுத்துத் தேர்வில் தேறியதும், இப்போது அந்த மேட்டில் முணுமுணுத்துக்கொண்டே கைப்பிரேக்கை இழுப்பதும் எல்லாம் அதற்குப் பிறகு. அப்போது அவர் செய்தது, ஒரு விரலைக் கணுக்காலின் பின்பக்கம் வைத்து, என்னைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டதுதான்:

“நீயே சொல்லிடுடி. என் வாயால வர மாட்டேங்குது.”